சர்வதேச உறவுகள், ஒப்பீட்டு அரசியல்: எதை முதலில் படிப்பது?

கேள்வி: முதலாண்டில் சர்வதேச உறவுகள், ஒப்பீட்டு அரசியல் இரண்டும் பாடங்கள். இரண்டிலும் நாடுகளைப் பற்றித்தான் வருகிறது. வித்தியாசம் பிடிபடவில்லை. எதை, எப்படித் தொடங்குவது?

பதில்: கோட்பாடுகளை மனப்பாடம் செய்வதில் தொடங்காதீர்கள். ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு இரண்டு பாடங்களின் கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். 1982 ஃபாக்லாந்து போர் இதற்கு மிகவும் பொருத்தம்.

ஏப்ரல் 2 அன்று, பிரிட்டனின் ஆட்சியில் இருந்த ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா கைப்பற்றியது. படைகள் வெளியேற வேண்டும் என்று மறுநாளே ஐ.நா. பாதுகாப்பு அவை 502ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அர்ஜென்டினா அசையவில்லை. பிரிட்டன் கடற்படையை அனுப்பியது. ஜூன் 14இல் அர்ஜென்டினப் படை சரணடைந்தது. தங்களுக்கு மேலே ஓர் அரசு இல்லாதபோது நாடுகள் எப்படி நடந்துகொள்கின்றன? இதுதான் சர்வதேச உறவுகளின் அடிப்படைக் கேள்வி. இதற்கு இரண்டு கோட்பாடுகள் இரண்டு பதில் தரும். கடைசியில் பலம்தான் தீர்மானித்தது என்பார் யதார்த்தவாதி. ஐரோப்பியச் சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) அர்ஜென்டின இறக்குமதியைத் தடை செய்ததே, அமைப்புகளுக்கும் பங்குண்டு என்பார் தாராளவாதி.

சரி, அர்ஜென்டினாவை அப்போது ஆண்டது இராணுவம். தோற்ற அந்த ஆட்சி என்ன ஆனது? 1983 தேர்தலோடு முடிந்தது. பக்கத்து நாடான சிலியிலோ இராணுவ ஆட்சியாளர் பினோசே 1990 வரை ஆண்டார். ஏன் இந்த வேறுபாடு என்று கேட்பது ஒப்பீட்டு அரசியல். போர்த்தோல்விதான் காரணம் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். பிரேசிலையும் உருகுவேயையும் சேர்த்துப் பாருங்கள்: எந்தப் போரிலும் தோற்காமலே 1985இல் அங்கும் இராணுவ ஆட்சி முடிவுக்கு வந்தது. சிலியில் அதிகாரம் ஒருவர் கையில் குவிந்திருந்தது. அர்ஜென்டினாவில் முப்படைத் தளபதிகள் அதைப் பங்கிட்டுக்கொண்டார்கள், அதிபர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இதுவும் காரணமாக இருக்கலாம். இரண்டு நாடுகளோடு நிறுத்திவிட்டால், எந்த வேறுபாடு உண்மையான காரணம் என்று பிரித்தறிய முடியாது. மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

எதை முதலில் படிப்பது? ஒப்பீட்டு அரசியலை என்பேன். சர்வதேச உறவுகள் நூல்களில் "அர்ஜென்டினா முடிவெடுத்தது" என்று ஒரே ஆள்போல எழுதிவிடுவார்கள். முடிவெடுத்தது அப்போதைய அதிபர் ஜெனரல் கால்டியேரி தலைமையிலான இராணுவ ஆட்சிக்குழு. பொருளாதாரம் நெருக்கடியில் இருந்தது. படையெடுப்புக்கு மூன்று நாள் முன்புதான் புவனோஸ் ஐரிஸில் தொழிற்சங்கங்கள் பெரும் போராட்டம் நடத்தியிருந்தன. நாட்டுக்குள் நடப்பதைப் பார்க்கப் பழகியவருக்கு அந்த ஒற்றை வாக்கியம் போதாது என்று உடனே தெரியும். வாரத்துக்கு ஒரு நிகழ்வை இப்படி எழுதிப் பாருங்கள். ஒப்பிடும்போது மூன்று நாடுகளுக்குக் குறையாமல் எடுங்கள்.