நான்கு வாரம், பதினோரு வீடுகள்: கோடை விடுமுறையில் ஊருக்கு வருவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிறந்த நான் பதினாறு ஆண்டுகளாக இங்கிலாந்தில் வசிக்கிறேன், எங்கள் நால்வருக்கும் இப்போது பிரிட்டிஷ் குடியுரிமைதான். வரும் ஜூலை கடைசியில் கணவருடனும் 13, 9 வயதுப் பிள்ளைகளுடனும் நான்கு வாரம் ஊருக்கு வருகிறேன். அம்மா தம்பியுடன் தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) இருக்கிறார். பெரியப்பா, இரண்டு அத்தைமார், சித்தி என்று பதினோரு வீடுகள் உள்ளன. சென்ற முறை வீட்டுக்கு வீடு மாறித் தங்கியும் சின்ன அத்தை கோபித்துக்கொண்டார். இடையில் பெரிய அத்தையின் கணவர் தவறிவிட்டார். அப்போது என்னால் வர முடியவில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. எப்படித் திட்டமிடுவது?

பதில்: நான்கு வாரமும் அம்மா இருக்கும் வீட்டிலேயே தங்குங்கள். நேரில் போக வேண்டிய மற்ற வீடுகளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கோ தேநீருக்கோ போய்த் திரும்புங்கள். இந்த ஊரில் நீண்ட காலம் பயண முகவராக இருந்து, வெளிநாட்டிலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்களின் மனத்தாங்கல்களைக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே மூன்று இரவு, இங்கே ஓர் இரவு என்று எண்ணிப் பார்க்க இடம் கொடுத்தால் கணக்கு எப்போதும் உங்களுக்கு எதிராகவே முடியும். தாய்வீட்டில் மட்டும் தங்கினால் அந்தக் கணக்கே எழாது.

ஆனால் தம்பி மனைவியின் நிலையையும் நினைத்துப் பாருங்கள். மூன்று அறையும் ஒரு குளியலறையும் கொண்ட வரிசை வீட்டில் நால்வர் கூடுதலாக வந்து சேர்கிறீர்கள். அவருடைய பிள்ளைகளோ காலை ஏழு மணிக்குள் பள்ளிக்குப் புறப்பட வேண்டியவர்கள். கோடையில் இங்கிலாந்து நேரம் நமக்கு 7 மணி நேரம் பின்தங்கியது என்பதால், உங்கள் பிள்ளைகள் முதல் சில இரவுகள் மூன்று மணி வரை விழித்திருந்து, வீடே பரபரக்கும் காலையில் அயர்ந்து தூங்குவார்கள். குளியலறையை ஆறு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். மின்கட்டணத்துக்கும் மளிகைக்கும் ஆகும் பணத்தை முதல் வாரத்திலேயே தம்பி மனைவியின் கையில் தனியாகக் கொடுங்கள். எல்லோரும் பார்க்கக் கொடுத்தால் வாங்க மாட்டார், கடைசி நாளில் கொடுத்தால் கூலி போலத் தோன்றும்.

முதல் மூன்று நாள் எங்கும் போக வேண்டாம். நான்காம் நாள் முதலில் போக வேண்டியது பெரிய அத்தையின் வீடு. விருந்துச் சாப்பாடு ஒன்றை முடித்துவிட்டு அதன்பின் துக்கம் கேட்கப் போவது, ஆண்டுகள் கடந்திருந்தாலும், நம்மவரிடையே மறக்கப்படாத குறை. பல குடும்பங்களில் செவ்வாயும் வெள்ளியும் துக்கம் விசாரிக்கப் போவதில்லை என்பதால் எந்த நாளில் போவது என்பதை அம்மாவிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இனிப்பு, சாக்லெட், பரிசுப்பை எதுவும் அன்று கையில் இருக்கக் கூடாது. புறப்படும்போது "போய்ட்டு வர்றோம்" என்று சொல்லாமல் எழுந்துவிட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ஏனெனில் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவர்கள் நன்றாகக் கற்று வைத்திருப்பார்கள். அங்கிருந்து நேரே வீட்டுக்கு வந்து குளித்துவிடுங்கள். அன்று வேறு வீடு வேண்டாம். அத்தைக்குக் கொண்டுவந்த சேலையைப் பிறகொரு நாள் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

அடுத்தது மூத்தவரான பெரியப்பா வீடு. எஞ்சியவர்களில் சின்ன அத்தையையும் நடமாட முடியாத முதியோரையும் மட்டும் நேரில் போய்ப் பாருங்கள். மற்ற எல்லோரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்கு மதிய உணவுக்கு அழைத்துவிடலாம். இங்கே ஆண்டு நடுவிலான பள்ளி விடுமுறை பெரும்பாலும் மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் முடிந்துவிடுவதால், நீங்கள் வரும்போது பிள்ளைகளின் வயதொத்த உறவினர் எல்லோரும் பள்ளியில் இருப்பார்கள். ஆகவே வார நாட்களைப் பெரியவர்களுக்கும் வார இறுதிகளைப் பிள்ளைகளுக்கும் ஒதுக்குங்கள். ஆடி மாதம் ஆகஸ்டு நடுவரை நீடிக்கும். திருமணங்கள் குறைவு என்பதால் உறவினர் ஓய்வாக இருப்பார்கள், தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் நாளும் அமையலாம்.

சின்ன அத்தையின் கோபம், என் கணிப்பில், இரவுகளின் எண்ணிக்கையைப் பற்றியது அல்ல. நீங்கள் வரும் செய்தியைக் குடும்ப வாட்சாப் குழுவில் பார்த்தோ பிறர் வாயால் கேட்டோ அறிந்திருப்பார். இம்முறை பயணச்சீட்டு எடுத்த அன்றே, தம்பி வழியாக அல்லாமல், நீங்களே அழைத்து, "தங்க மாட்டோம் அத்தை, சாப்பிட வர்றோம், எந்த நாள் உங்களுக்குத் தோது?" என்று கேளுங்கள். அந்த நாளை அவரே குறிக்கட்டும்.

தமிழ் பேசாத பிள்ளைகளுக்கு உரையாடல் பாடம் நடத்த நேரமில்லை. பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி என்று யாரை எப்படி அழைப்பது என்பதை மட்டும் புகைப்படங்களுடன் ஒரு தாளில் வரைந்து பழக்குங்கள். எல்லோரையும் 'ஆண்ட்டி', 'அங்கிள்' என்று அழைக்கும் பிள்ளையை விட, 'அத்தை' என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைக்கு இங்கே மதிப்பு அதிகம்.

உங்கள் தாத்தா தோட்டத்தில் பால் மரம் (ரப்பர்) வெட்டியவர் என்றால் அந்தத் தோட்டத்துக்கு ஒருநாள் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களும் இல்லை. கோயிலும், தொழிலாளரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை இருந்த மேடும்தான் எஞ்சியிருக்கும். காவல் சாவடியிலோ தோட்ட அலுவலகத்திலோ முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர் பணத்தைக் கொண்டே தோட்டம் வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய அரசியல் தலைவர் துன் சம்பந்தன் இவ்வூர்க்காரர் என்பதையும் சொல்லுங்கள். பதின்மூன்று வயதுக்குப் புரியும்.

மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆகவே நீங்களும் வருகையாளராகவே நுழைவீர்கள். விசா தேவையில்லை, 90 நாள் வரை தங்கலாம். கடப்பிதழ் (பாஸ்போர்ட்) ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். வந்திறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் நால்வருக்கும் மின்னிலக்க வருகை அட்டையை இணையத்தில் நிரப்புங்கள். தங்குமிடமாகத் தம்பியின் முகவரியை அஞ்சல் குறியீட்டுடன் எழுத வேண்டும். கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து வரும் இ.டி.எஸ். மின்சார ரயில் சுங்கை சிப்புட்டிலேயே நிற்கிறது. வார இறுதிச் சீட்டை முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.

ஏடிஸ் கொசு காலையிலும் மாலையிலும்தான் அதிகம் கடிக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் டிங்கி (டெங்கு) இல்லை என்று உறுதியாகும் வரை பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். தாமதிக்காமல் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

திரும்பும் பெட்டியைப் பற்றி ஒன்று. மலேசியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் இங்கிலாந்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. அத்தைமார் கட்டிக் கொடுக்கும் நெய்யும் பால்கோவாவும் அதில் அடங்கும். மறுத்தால் மனம் நோகும் என்பதால், "ஏர்போர்ட்ல பிடுங்கிக்குவாங்க அத்தை, இங்கேயே சாப்பிட்டுடுறோம்" என்று அவர் முன்னாலேயே டப்பாவைத் திறந்துவிடுங்கள்.