விடுதி அறையில் பிக்காசோ: ஓவிய வாடகை பற்றிய கேள்வி பதில்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஓபர்லின் கல்லூரிக்குச் சொந்தமான ஆலன் நினைவுக் கலை அருங்காட்சியகம், 1940களிலிருந்து தன் சேகரிப்பில் ஒரு பகுதியை மாணவர்களுக்கு வாடகைக்கு விடுகிறது. அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: கொடுப்பது நிஜமாகவே அசலா?

அசல்தான். கலை வரலாற்றுப் பேராசிரியர் எல்லன் ஜான்சன் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. ஒரு செமஸ்டருக்கு ஒரு படம் 5 டாலர், ஆளுக்கு இரண்டு வரை. பிக்காசோ, ஆண்டி வார்ஹோல் போன்ற பெரிய ஓவியர்களின் படங்களும் உண்டு. பல படங்கள் லித்தோகிராஃப், எட்சிங் வகை. அச்சு என்றதும் போஸ்டர் என்று நினைத்துவிடாதீர்கள். கல்லிலோ தகட்டிலோ வரைந்து, எண்ணிக்கை வைத்து எடுத்த பிரதிகள்.

கேள்வி: முந்தி வந்தவருக்கே முதல் தேர்வாமே?

ஆமாம், முதல்நாள் இரவே கூடாரம் போட்டுவிடுவார்கள். அமெரிக்காவின் இன்னொரு கல்வி நிறுவனமான எம்.ஐ.டி.யின் லிஸ்ட் காட்சிக் கலை மையம் தன் படங்களைக் குலுக்கல் முறையில் தருகிறது. இரவு வேலைக்குப் போகும் மாணவருக்கு அதுதான் நியாயம். ஆனால் கூடாரத்தில் விடிய விடிய நடக்கும் பேச்சு குலுக்கலில் வராது.

கேள்வி: விடுதியில் படம் கெட்டுப்போகாதா?

இப்படி ஒரு திட்டத்தில் திருட்டைவிட வெயிலுக்கும் ஈரத்துக்கும்தான் பயப்பட வேண்டும். காகிதப் படைப்புக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். ஜன்னலோரம் அதைப் பல மடங்கு தாண்டும். மங்கிய சாயம் திரும்ப வராது. குளியலறைச் சுவர், ஹீட்டருக்கு மேல் இரண்டும் கூடாது, காகிதம் அலையலையாக நெளியும். ஒட்டும் கொக்கியில் மாட்டினால் என்றாவது ஒரு நாள் விழும். அதனால் படச் சட்டத்தின் இரு பக்கமும் வளையம், சுவரில் இரண்டு ஸ்க்ரூ வேண்டும். தூக்கும்போது பின்கம்பியைப் பிடிக்காமல் இரண்டு பக்கச் சட்டத்தையும் பிடிக்க வேண்டும். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் நான்கு மூலைகளையும் படமெடுத்து நிலையைக் குறித்துக்கொண்டால் பின்னால் தகராறு இல்லை.

கேள்வி: படத்துக்கு முன்னால் போடுவது கண்ணாடியா, அக்ரிலிக்கா (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு)?

அக்ரிலிக். கண்ணாடிபோல் எளிதில் சிதறிப் படத்தைக் கிழிக்காது. அமோனியா கலந்த கிளீனர் பட்டால் மட்டும் மங்கிவிடும். பாஸ்டல் (வண்ணத் தூள் குச்சி), கரிக்கோல் படங்களை அக்ரிலிக்கில் அடைக்கவே கூடாது. அதன் நிலைமின்சாரம் தூளை இழுத்துவிடும். அவற்றை வாடகைப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள்.

கேள்வி: சென்னையில் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் மழைக்காலமான ஐப்பசி, கார்த்திகையில் படங்களை வாடகைக்கு விடாதீர்கள். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை பிடிக்கும், ராமபாணப் பூச்சியும் வரும். தை பிறந்ததும் கொடுத்து, ஆனி முடிவதற்குள் திரும்ப வாங்கிவிடுங்கள். படத்துக்குப் பின்னால் அமிலமில்லாத அட்டை வைத்து, சட்டத்தின் பின்புறத்தை டேப்பால் மூடி, சுவரில் ஒட்டாதபடி கீழ்மூலைகளில் ரப்பர் பொட்டு வையுங்கள்.