பையனைத் தவிலுக்கு அனுப்பலாமா?

கேள்வி: 2007இலேயே டொயோட்டா கம்பெனியின் ரோபோ வயலின் வாசித்துவிட்டதாம். எங்கள் ஊர்க் கோயிலில் மோட்டார் மேளம் வந்து பல வருஷம் ஆகிறது. இந்தக் காலத்தில் என் பதினோரு வயதுப் பையன் தவில்தான் கற்றுக்கொள்வேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அனுப்பலாமா அம்மா?
– ஒரு வாசகி, மாயவரம்

பதில்: அனுப்புங்கள். ஆனால் உங்கள் பயம் வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெஷினால் வேலை போனவர்களில் நானும் ஒருத்தி.

பாடுகிறவருக்குப் பின்னால் உட்கார்ந்து வருஷக்கணக்கில் தம்பூரா போட்டவள் நான். கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் நாலு தந்தியையும் சேர்ப்பேன். தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டைமேல், தந்திக்கு அடியில் ஒரு சின்ன நூல் இருக்கும், ஜீவா என்போம். அதை நகத்தால் இம்மி இம்மியாக நகர்த்த வேண்டும். இடம் பிடிபட்டதும் அதுவரை ஊமையாக இருந்த தந்தி குபுக்கென்று ரீங்காரம் போடும். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

1979இல் பெங்களூர் ஜி. ராஜ்நாராயண் எலக்ட்ரானிக் தம்பூராவை அறிமுகப்படுத்தினார். அந்த ரீங்காரம் அதில் இல்லை. பாடகர்களுக்கும் அது தெரியும். ஆனால் பெட்டிக்கு ரயில் டிக்கெட் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், சன்மானம் வேண்டாம். என்னைக் கூப்பிடுவது குறைந்தது, பிறகு நின்றேபோனது. என்னைவிட நன்றாக வாசித்து அது என் இடத்துக்கு வரவில்லை அம்மா, செலவு குறைவு என்றுதான் வந்தது.

மோட்டார் மேளமும் அப்படித்தான். சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி ராகம் என்று நாயனக்காரர்கள் வேளை பார்த்து வாசிப்பார்கள். சுவிட்சைப் போட்டால் முரசும் மணியும் எல்லா வேளைக்கும் ஒரே அடிதான். தூங்கப் போகிற சுவாமிக்கும் அதே இரைச்சல்.

அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். 1927க்குப் பிறகு பேசும்படம் பரவியதும், தியேட்டர்களில் ஊமைப்படத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் சங்கம் 1930இல் ரோபோ படம் போட்டுப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தது. இயந்திர இசைக்கு ஆத்மா இல்லை என்றார்கள். போன வேலை திரும்பவில்லை. 1942 ஆகஸ்ட் 1 முதல் அதே சங்கம், இனி இசைத்தட்டுக்கு வாசிக்க மாட்டோம் என்று நின்றது. பெரிய கம்பெனிகள் முழுக்க இறங்கிவர 1944 நவம்பர் ஆயிற்று. விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் சங்கத்தின் நிதிக்கு ஒரு தொகை வந்தது; வேலையில்லாத கலைஞர்களுக்கு அதிலிருந்து சம்பளம் கொடுத்து, ஜனங்களுக்கு இலவசக் கச்சேரி வைத்தார்கள். நாங்கள் தம்பூராக்காரர்கள் அப்படிச் சேர்ந்து நின்று எதையும் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

உங்கள் ஊர் மெஷின்மேல் உபயதாரர் பேர் பெயின்ட்டில் எழுதியிருக்கிறதா, பாருங்கள். பல கோயில்களுக்கு அது உபயமாகத்தான் வந்தது. அடுத்து உபயம் செய்ய நினைக்கிறவர்களிடம், திருவிழா பத்து நாளும் மேளக்காரர்களுக்குச் சம்பளம் கொடுங்கள் என்று நீங்களே போய்க் கேளுங்கள். நாலு வீட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

பையனுக்கு இடது கையில் கழி சீக்கிரம் பழகிவிடும். வலது கை விரல்களில் கூடு என்கிற கெட்டி உறையை மாட்டி அடிக்கும்போதுதான் ஆரம்பத்தில் வலி உயிர் போகும். அழுதால் ஒரு நாள் லீவு விடுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.