கரிச்சட்டி முதல் கார்டைட் வரை: எரிதல் பற்றிக் கேள்வி பதில்

குன்னூரில் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.

கோத்தகிரி வாசகர்: மழைக்காலத்தில் விறகு புகைந்தே உயிரை வாங்குகிறது, ஏன் சார்?

நீங்கள் அப்போது எரிப்பது விறகை இல்லை, விறகுக்குள் இருக்கும் தண்ணீரைக் காய்ச்சுகிறீர்கள். ஈரம் போகும்வரை விறகில் சூடு ஏறாது. சுமார் 200 டிகிரிக்கு மேல் போனால்தான் விறகிலிருந்து எரியும் வாயுக்கள் தாராளமாக வரும். சுடர் என்பது அந்த வாயு எரிவதுதான். சூடு போதாவிட்டால் வாயுவும் தார்த் துளிகளும் எரியாமலே புகையாகக் கண்ணில் ஏறும்.

ஊட்டியிலிருந்து ஒருவர்: கரிச்சட்டியில் புகையே இல்லை. இரவு அறைக்குள் வைத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. புகை இருந்தாலாவது இருமல் வந்து எழுப்பும். கரியில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கார்பன். அது சுடரில்லாமல் கனலும். கனலுக்குக் காற்று போதாதபோது கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலிதான் வரும். நம் ஊரிலோ, குளிர்தான் காரணம் என்று கதவை இன்னும் இறுக்கிச் சாத்துவோம்! ஜன்னலை ஒரு சாண் திறந்து வைக்கிறேன் என்ற சமாதானமும் வேண்டாம். சட்டியை வெளியே வைத்துவிட்டு இன்னொரு கம்பளி போர்த்துங்கள்.

அவரே: கேஸ் அடுப்பு மஞ்சளாக எரிகிறது. மலையில் ஆக்சிஜன் குறைவு என்பதாலா?

காற்றில் ஆக்சிஜனின் பங்கு இங்கேயும் 21 சதவீதம்தான். காற்றுதான் அடர்த்தி குறைவு. சமவெளியில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. ஆனாலும் முதலில் பர்னர் துளைகளைப் பாருங்கள். அடைப்பு இருந்தால் எரிதல் முழுமையாகாது. எரியாத கரித்துகள் சூட்டில் ஒளிர்வதுதான் அந்த மஞ்சள். பாத்திரத்தின் அடி கறுப்பதும் அதனால்தான். சுத்தம் செய்த அப்புறமும் நீலமாகாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அருவங்காட்டுக் கல்லூரி மாணவி: கார்டைட் காற்றில்லாமலே எரியும் என்று தாத்தா சொல்கிறார். நிஜமா?

நிஜம்தான் அம்மா. கார்டைட் என்பது துப்பாக்கித் தோட்டாவுக்குள் அடைக்கும் வெடிமருந்து. அதிலுள்ள நைட்ரோகிளிசரினும் நைட்ரோசெல்லுலோஸும் வேண்டிய ஆக்சிஜனைக் கட்டுச்சோறு போலத் தம் மூலக்கூறிலேயே வைத்திருக்கின்றன. இல்லாவிட்டால் அடைத்த தோட்டாவுக்குள் காற்றுக்கு எங்கே போவது?

மஞ்சூர் தச்சர்: எண்ணெய்த் துணி தானாகப் பற்றுமா?

மரத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் என்றால் பற்றும். அது உலரும்போது ஆக்சிஜனோடு சேர்ந்து சூடு விடும். துணியைச் சுருட்டிப் போட்டால் சூடு உள்ளேயே சேரும். விரித்துக் காயப்போடுங்கள், குவிக்காதீர்கள்.