ஓடாத பம்ப், இறங்காத முள்

கேள்வி: மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறேன். அணுமின் நிலையங்களின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் வேலைக்குப் போக ஆசை. “ஃபைல் புரட்டுற வேலை, அதுல இன்ஜினியரிங் எங்க இருக்கு?” என்கிறான் அண்ணன். அப்படித்தானா?
— மாணவி, வள்ளியூர்

பதில்: ஃபைல் புரட்டத்தான் வேண்டும் மகளே. ஆனால் நம்பாமல் புரட்ட வேண்டும். அதற்குத்தான் இன்ஜினியரிங்.

ஆய்வுப் பணிக்கு வந்த புதிதில் ஒரு நிலையத்தின் டீசல் தீயணைப்பு பம்ப் அறைக்குப் போனேன். வாரச் சோதனைப் பதிவேடு அத்தனை சுத்தம். எட்டு வாரமும் எண்ணெய் அழுத்தம் 4.2. எந்த இயந்திரமும் எட்டு வாரம் ஒரே மாதிரி மூச்சு விடாது. நிமிர்ந்து கேஜைப் பார்த்தேன். பம்ப் ஓடவில்லை, முள் மட்டும் 4.2-லேயே நிற்கிறது. கண்ணாடியைச் சுண்டினேன், அசையவில்லை. “எத்தனை நாளா அண்ணே இப்படி?” என்று டெக்னீஷியனிடம் கேட்டேன். கூட வந்த அதிகாரி வெளியே போகும்வரை அவர் வாய் திறக்கவில்லை. பிறகு, “எழுதிக் குடுத்து மூணு மாசம் ஆச்சு மேடம். ஷட்டவுன்ல பாத்துக்கலாம்னுட்டாங்க” என்றார். என் அறிக்கையில் கேஜுக்கு ஒரு வரி, அந்த மூன்று மாதத்துக்கு ஒரு முழுப் பக்கம்.

தீயணைப்பு பம்புக்கு ஏன் இவ்வளவு என்று தோன்றும். 1993 மார்ச் 31 விடியற்காலை, உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் முதல் உலையின் டர்பைன் பிளேடுகள் முறிந்தன. ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. கேபிள்கள் சரியாகப் பிரிக்கப்படாமல் ஒன்றாகப் போனதால், வழக்கமான மின்சாரத்தோடு அவசரகால மின்சாரமும் போயிற்று. 17 மணி நேரம் நிலையமே இருட்டு. கட்டுப்பாட்டு அறைக்குள் புகை. உலையை நிறுத்திவிட்டார்கள்தான், ஆனால் நிறுத்திய பிறகும் உள்ளே வெப்பம் ஊறிக்கொண்டே இருக்கும். ஆபரேட்டர்கள் டீசல் தீயணைப்பு பம்புகளை ஓடவிட்டு, உலையின் வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் ஸ்டீம் ஜெனரேட்டர்களுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். சிலர் டார்ச்சோடு உலைக் கட்டடத்தின் மேல்தளத்துக்கு ஏறி, கையாலேயே வால்வைத் திறந்து, அணுப்பிளவு மறுபடி தொடங்காமல் தடுக்கும் போரான் கரைசலை விட்டார்கள். கதிரியக்கம் வெளியே வரவில்லை. அப்படிப்பட்ட ஒரு பம்பின் முள்தான் நான் சுண்டிப் பார்த்தது. அந்த டெக்னீஷியன் என்னிடம் பேசாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

வழி கேட்பாய். பி.இ.-யில் 60 சதவீதம் வேண்டும். பி.ஏ.ஆர்.சி. என்கிற பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்கு கேட் தேர்வு மதிப்பெண், பிறகு நேர்முகம், ஓராண்டுப் பயிற்சி. அங்கே படித்தவர்களை, நிலையங்களின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் எடுத்துக்கொள்ளும். வாய்ப்புக் கிடைத்தால் முதலில் சில வருஷம் நிலையத்தில் ஷிஃப்ட் பார். எந்த பம்ப் என்ன சத்தம் போடும் என்பது காதில் ஏற வேண்டும். நாளை நீயே மேலாளராக உட்காரும்போது, பழுதைச் சொல்ல வருகிறவருக்கு நாற்காலியைக் காட்டி, அவர் எதிரிலேயே அதைக் குறித்துக்கொள். அண்ணனிடம் நரோராவைச் சொல்லு.

கேள்வி: என் மகள் அணுமின் நிலையத்தில் வேலைக்குச் சேரப் போகிறாள். கதிர்வீச்சை நினைத்தால் தூக்கம் வரவில்லை.
— ஒரு தந்தை, செங்கல்பட்டு

பதில்: உங்கள் பயம் நியாயம்தான், என் அப்பாவும் இப்படித்தான் தவித்தார். உடம்பு வாங்கும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளப்பார்கள்; ஊழியருக்கு ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 100 மில்லிசீவர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. கர்ப்பம் என்றால் உடனே தெரிவிக்கச் சொல்லுங்கள், அதன்பின் வயிற்றுப் பிள்ளைக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட்தான். மார்பில் டி.எல்.டி. என்கிற கதிர்வீச்சு அளக்கும் பேட்ஜ் குத்தித் தருவார்கள், வாங்கிய கதிர்வீச்சு அதில்தான் பதிவாகும். பேட்ஜை டிராயரில் வைத்துவிட்டு உள்ளே போகிற சீனியர் யாரையாவது பார்த்தால், வாசலிலேயே நிறுத்தி, “சார், பேட்ஜ்” என்று உங்கள் மகள் கேட்கட்டும்.