இறுக்கும் முன் அளந்து பாருங்கள்: இருசக்கர வண்டிப் பராமரிப்பு – வாசகர் கேள்வி பதில்

வீட்டிலேயே வண்டியைப் பராமரிப்பது குறித்து இம்முறை கொங்குப் பகுதியிலிருந்து வந்த கடிதங்களைச் சேர்த்துப் படித்தபோது, கவனிக்காமல் விட்டதால் கெட்ட வண்டிகளைவிட, ஆர்வ மிகுதியால் அளவுக்கு மீறி முடுக்கியும் ஊற்றியும் கழுவியும் கெட்ட வண்டிகளே அதிகமாகத் தென்பட்டன. எனவே 'செய்யலாமா' என்பதோடு 'எவ்வளவு' என்பதையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

தோட்டத்துக்கும் மஞ்சள் மண்டிக்கும் தினமும் ஓட்டும் 100 சிசி வண்டி என்னுடையது. செயின் தளர்ந்து சத்தம் போடுவதால் வாரந்தோறும் இறுக்குகிறேன். ஓரிரு நாளில் மறுபடியும் சத்தம் வந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு விவசாயி, கோபிசெட்டிபாளையம்

முதலில் இறுக்குவதை நிறுத்துங்கள். வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். செயின் கவரில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, கீழ்ப்பக்கச் செயினை அதன் நடுப்பகுதியில் விரலால் மேலும் கீழும் அசைத்து, எவ்வளவு ஆடுகிறது என்பதை அளவுகோலால் பாருங்கள். உங்களுடையதைப் போன்ற வண்டிகளில் இது பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். வண்டியோடு தந்த கையேட்டில் அச்சிட்டுள்ள எண்ணே இறுதியானது. இந்த அளவை ஓரிடத்தில் மட்டும் எடுத்தால் போதாது. பின் சக்கரத்தைக் கையால் சிறிது சிறிதாகச் சுற்றி, நான்கைந்து இடங்களில் எடுங்கள். ஓரிடத்தில் 30 மி.மீ. ஆடும் செயின் இன்னோரிடத்தில் 10 மி.மீ.தான் ஆடுகிறது என்றால், அது சீரற்று நீண்டுவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட செயினைத் தளர்ந்த இடத்தில் பார்த்து இறுக்கினால், இறுகிய இடம் கம்பிபோல் விறைத்துக்கொள்ளும். உங்கள் வண்டியில் இதுதான் நடக்கிறது என்று கருதுகிறேன்.

செயினுக்குத் தளர்வு ஏன் வேண்டும் என்றால், பின்னால் ஓர் ஆளோ மூட்டையோ ஏறி ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது, இரண்டு பல்சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. தளர்வே இல்லாத செயின் அப்போது கியர் பெட்டியின் தண்டையும் சக்கரத்தின் பேரிங்கையும் இழுக்கிறது. சில நூறு ரூபாய்ச் செலவைத் தள்ளிப்போட நினைத்து, எஞ்சினைப் பிரிக்க வேண்டிய வேலையை வாங்கிக்கொள்வது இப்படித்தான்.

பின்பக்கப் பல்சக்கரத்தின் கடைசி வளைவில் செயினைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதியளவு வெளியே தெரியும்படி செயின் எழும்பினாலோ, பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கிபோல் ஆகியிருந்தாலோ, செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் (ஸ்ப்ராக்கெட்) ஒருசேர மாற்றுங்கள். பழைய பற்களில் புதுச் செயினை மாட்டினால் அது விரைவிலேயே பழைய செயினாகிவிடும்.

செயின் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்றால், குறை எண்ணெயில் இருக்கலாம். தடப்பள்ளி வாய்க்கால் கரை மண்ணும் செயினில் வழியும் எண்ணெயும் சேர்ந்தால் உப்புத்தாள் போல அரைக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷால் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து உலரவிட்டு, எஸ்.ஏ.ஈ. 90 கியர் ஆயிலைச் செயினின் உட்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மாலையில் வண்டி ஓடி வந்து செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது விட்டால், இரவுக்குள் ஊறிவிடும்; காலையில் மேலே நிற்பதைத் துடைத்துவிடலாம். எஞ்சினை ஓடவிட்டுக் கியரில் சக்கரத்தைச் சுழலவைத்துக்கொண்டு இவ்வேலையைச் செய்யவே கூடாது. துணியோடு விரலையும் செயின் இழுத்துக்கொள்ளும். விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளிச் செயினைச் சரிசெய்த பிறகு, சக்கர அச்சின் இருபக்கக் குறிகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதோடு பின் பிரேக்கையும் பாருங்கள். டிரம் பிரேக் வண்டியில் சக்கரம் பின்னால் போகும்போது பிரேக் கம்பியும் இழுபடுவதால், பெடலை மிதிக்காமலே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்.

விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மாதந்தோறும் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பஞ்சர் கடையில் காற்றடித்துச் சுத்தம் செய்கிறேன். ஆனாலும் மைலேஜ் குறைந்துகொண்டே வருகிறது.
– ஒரு வாசகர், சோமனூர்

உங்கள் ஃபில்டர் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். காகிதத்தைத் தொட்டால் பிசுபிசுவென்று இருந்தால், அது எண்ணெயில் ஊறவைத்த வகை. அதற்குக் காற்றடிக்கவே கூடாது. அடித்தால் தூசியைப் பிடிக்கும் எண்ணெய் போய்விடும், காகிதமும் கிழியக்கூடும். காலம் வந்ததும் மாற்றுவது ஒன்றே அதற்கு வழி. பல கையேடுகள் 15,000 கி.மீ.யை ஒட்டி மாற்றச் சொல்கின்றன. தறிப் பஞ்சு பறக்கும் இடத்தில் நிற்கும் வண்டிக்கு அதில் பாதித் தூரத்திலேயே திறந்து பார்த்துவிட வேண்டும். உலர்ந்த காகித வகைக்கு, குறைந்த அழுத்தத்தில், உள்ளிருந்து வெளியே காற்றடிக்கலாம். ஸ்பாஞ்ச் வகையை மண்ணெண்ணெயில் அலசி, முறுக்காமல் பிழிந்து, உலர்ந்தபின் எண்ணெயில் நனைத்து மறுபடியும் பிழிந்து மாட்ட வேண்டும்.

மைலேஜுக்கு ஃபில்டர் மட்டும் காரணமில்லை. மெயின் ஸ்டாண்டில் வைத்து இரு சக்கரங்களையும் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்றுகின்றனவா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். டயர் காற்றை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளவிடுங்கள். உங்கள் ஊருக்கென்றே இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எஞ்சினின் குளிர்விப்புத் தகடுகளுக்கு இடையில் எண்ணெய்க் கசிவோடு பஞ்சு ஒட்டிக்கொண்டு போர்வைபோல் வெப்பத்தை அடைத்துவிடும். எஞ்சின் ஆறியபின் பழைய பல் துலக்கும் பிரஷால் அதை எடுத்துவிடுங்கள்.

நண்பர்களோடு 150 சிசி வண்டியில் வால்பாறை சென்று ஆழியாறு நோக்கி இறங்கும்போது, முன் பிரேக் லீவர் பிடிமானமே இல்லாமல் ஹேண்டில் வரை வந்துவிட்டது. அரை மணி நேரம் நிறுத்தியபின் சரியாகிவிட்டது. இதை வீட்டில் பார்க்க முடியுமா?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

சரியாகிவிட்டது என்று நம்பி மறுபடியும் மலையேற வேண்டாம். டிஸ்க் பிரேக்கில் உங்கள் கையின் அழுத்தத்தைப் பிரேக் திரவமே கொண்டுசெல்கிறது. அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகைத் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி; ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிதான். 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினால், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் பழைய திரவம் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். அதனால்தான் லீவர் ஹேண்டில் வரை வந்தது. குளிர்ந்ததும் ஆவி திரவமாகி லீவர் உறுதிபெற்றுவிடும், ஆனால் ஈரம் உள்ளேயே இருக்கிறது. லீவர் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை, கருகிய வாடை வருகிறது என்றால், அது டிஸ்க்கை அழுத்தும் பேடுகள் சூடேறியதால் வரும் வேறு குறை.

வீட்டில் நீங்கள் பார்க்கக்கூடியவை இருக்கின்றன. ஹேண்டிலில் உள்ள திரவக் கிண்ணத்தின் கண்ணாடி வழியாக நிறத்தைப் பாருங்கள். தேன் நிறத்தைத் தாண்டிக் கறுத்திருந்தால் மாற்றும் காலம் கடந்துவிட்டது. நிறம் நன்றாக இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். டார்ச் அடித்துப் பேடுகளின் தடிமனைப் பாருங்கள். தேய்மானக் குறியை நெருங்கிவிட்டால் மாற்றுங்கள். கிண்ணத்தில் அளவு குறைந்திருப்பதைக் கண்டதும் ஊற்றி நிரப்பிவிடாதீர்கள். பேடு தேயத் தேய அளவு இறங்குவது இயல்பு. அந்த இறக்கமே உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. குறைந்தபட்சக் குறிக்கும் கீழே போயிருந்தால் கசிவு இருக்கிறதா என்று தேட வேண்டும்.

திரவத்தை மாற்றிக் காற்றெடுக்கும் வேலையை, குறிப்பாக உங்கள் வண்டியில் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) இருந்தால், பட்டறையிலேயே செய்துகொள்ளுங்கள். பொதுவாக எந்த வேலையையும் வீட்டில் செய்து பழகுங்கள் என்று எழுதுகிறவன் நான். இந்த ஒன்றில் மட்டும் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. செயினில் நேரும் பிழை வண்டியை நிறுத்தும். பிரேக்கில் நேரும் பிழை வண்டியை நிறுத்தாது.

இறங்கும் முறையையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கினால், வேகத்தின் பெரும்பகுதியை எஞ்சினே தாங்கிக்கொள்ளும். வளைவுக்கு முன் இரு பிரேக்குகளையும் சேர்த்து உறுதியாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். இடைப்பட்ட நேரத்தில்தான் டிஸ்க் ஆறும். பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருளவிடும் பழக்கம் குழுவில் யாருக்கேனும் இருந்தால், அவர்களை அன்போடு தடுத்து நிறுத்துங்கள். சூடேறிய டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது, அது வளைந்துவிடக்கூடும்.

காருக்கு வாங்கிய எஞ்சின் ஆயில் ஒரு லிட்டருக்கு மேல் மீதமிருக்கிறது. பைக்கில் ஊற்றலாமா? சற்றுக் கூடுதலாக ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லதுதானே?
– ஒரு வாசகர், பவானி

இரண்டும் வேண்டாம். கியர் வைத்த பைக்குகளில் பெரும்பாலானவற்றின் கிளட்ச் தகடுகள் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கியிருக்கின்றன. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் உண்டு. அவை கிளட்சை வழுக்கச் செய்யும். ஆக்சிலரேட்டரைத் திருகினால் எஞ்சின் அலறும், வண்டி நகராது. டப்பாவின் பின்புறம், இத்தகைய பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்பதைக் காட்டும் 'ஜாசோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்ற தரக்குறி இருக்கிறதா என்று பார்த்து, 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 போன்றவற்றில் கையேடு சொல்லும் தரத்தையே வாங்குங்கள்.

அளவு கூடினால் கிராங்க் சுழலும்போது ஆயில் நுரைத்து, மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போய்விடும். வண்டியை நேராக நிறுத்தி, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, மேலும் சில நிமிடம் பொறுத்து அளவுக்குச்சியை விட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் குச்சியை மரையில் திருகாமல் சும்மா வைத்துத்தான் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும், நீங்கள் குறைவாக ஊற்றுவீர்கள்.

கழித்த ஆயிலைச் சாக்கடையில் விட வேண்டாம். உங்கள் ஊரில் அது போய்ச் சேரும் இடம் காவிரிதான். பழைய கேனில் பிடித்துவைத்து, பழைய ஆயிலை வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

போர் மோட்டார் தண்ணீரைக் குழாய் நுனியில் நாசில் மாட்டிப் பீய்ச்சிக் கழுவுகிறேன். கழுவிய மறுநாள் வண்டி கிளம்ப மறுக்கிறது.
– ஒரு வாசகர், பேரூர்

ஸ்பார்க் பிளக் குழியிலும் ஒயர் இணைப்புகளிலும் தண்ணீர் நிற்கிறது. அழுத்தமான தண்ணீர் சக்கர பேரிங்கின் சீலையும் தாண்டி உள்ளே போகும். எஞ்சின் ஆறியபின், வாளித் தண்ணீரும் ஷாம்பூவும் துணியும் கொண்டு கழுவுங்கள். முடித்ததும் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பிரேக்குகளை உலரவிடுங்கள்.

மகன் வெளியூரில் படிப்பதால் அவனுடைய பி.எஸ்.6 வண்டி மாதக்கணக்கில் நிற்கிறது. வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கிறேன். போதுமா?
– ஒரு தந்தை, தாராபுரம்

அந்த இரண்டு நிமிடம் நன்மையைவிடத் தீமையே செய்கிறது. செல்ஃப் ஸ்டார்ட்டர் எடுத்த மின்சாரம் அதற்குள் பேட்டரிக்குத் திரும்பாது; எஞ்சினும் சைலன்சரும் முழுச் சூட்டுக்கு வராததால் ஈரம் உள்ளேயே தங்கும். இருபது நிமிடமாவது சாலையில் ஓட்டுங்கள். இயலாது என்றால், பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள். மறுபடியும் மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும் என்பதால், டேங்க்கைப் பாதியில் விடாமல் ஏறத்தாழ நிரப்பி வையுங்கள்.

மாதந்தோறும் கொல்லிமலைக்குச் சேர்ந்து செல்லும் ஆறு நண்பர்கள் நாங்கள். பொதுவில் என்னென்ன கருவிகள் வாங்கலாம்?
– வாசகர்கள், நாமக்கல்

ஸ்பேனர் செட்டை ஒவ்வொருவரும் வைத்துக்கொள்ளுங்கள். பொதுப் பணத்தில் மல்டிமீட்டர், சிறு இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜ், நல்ல காற்றழுத்தமானி, பின்சக்கரத்தைத் தூக்கும் பேடக் ஸ்டாண்டு, போல்ட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் முடுக்க உதவும் டார்க் ரெஞ்ச் ஆகியவற்றை வாங்குங்கள். மல்டிமீட்டரில் பார்க்கும்போது, நின்றிருக்கும் வண்டியின் பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டியும், எஞ்சின் வேகமெடுத்து ஓடும்போது 13.5 முதல் 14.5 வரையும் காட்டினால் சார்ஜிங் சரியாக இருக்கிறது என்று மலையேறும் முன்பே அறிந்துகொள்ளலாம்.

இவற்றில் டார்க் ரெஞ்சுக்குத்தான் முதலிடம் தருவேன். அலுமினிய மரையில் இரும்பு போல்ட்டைக் கைபலத்தால் முடுக்கி மரையை வழித்துவிடுவது வீட்டு வேலையில் அடிக்கடி நடக்கும் சேதம். ஸ்பார்க் பிளக்கை எஞ்சின் நன்கு ஆறியபின்தான் கழற்ற வேண்டும். மாட்டும்போது கடைசி மரை வரை விரலாலேயே திருகி, புதிய பிளக் என்றால் அதற்குமேல் அரைச் சுற்றும், பழையது என்றால் எட்டில் ஒரு பங்குச் சுற்றும் முடுக்கினால் பெரும்பாலான சிறிய பிளக்குகளுக்குப் போதும். ஆயில் டிரெயின் போல்ட்டுக்கும் அச்சு நட்டுக்கும் கையேட்டில் உள்ள நியூட்டன்-மீட்டர் அளவை ஆறு வண்டிகளுக்கும் ஒரே தாளில் எழுதிக் கருவிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் ரெஞ்சின் அளவைக் குறைந்தபட்சக் குறிக்குத் திருப்பி வையுங்கள். ஸ்பிரிங் இறுகிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் அது காட்டும் அளவு பிசகிவிடும். ஆறு வண்டிகளின் போல்ட்டுகளும் அதே பிசகோடுதான் இறுகும்.