பல நிறுவனங்கள் சேர்ந்து செய்யும் வேலையைச் சர்வீஸ் அடிப்படையில் இணைப்பது எப்படி?

ஒரு ஷூ கம்பெனி, அதற்குத் தோல் பதனிட்டுத் தரும் டேனரிகள், ஃபினிஷிங் யூனிட் எல்லாம் சேர்ந்து ஓடும் வேலையை எப்படி வடிவமைப்பது, நடுவில் ஒருவர் மாறினாலும் அறுந்துபோகாமல் இருக்க என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் டேனரிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவன் நான், எங்கள் ஊர்த் தொழிலை வைத்தே சொல்கிறேன்.

எல்லாருக்குமாக ஒரே பெரிய வொர்க்ஃப்ளோ வரையாதீர்கள். ஷூ கம்பெனி சர்வரில் ஒரு பிபெல் எஞ்சினை (வேலைப் படிகளை வரிசையாக ஓட்டும் மென்பொருள்) வைத்து, தோலை ஊறவைப்பதிலிருந்து ஃபினிஷிங் வரை அங்கிருந்தே ஓட்டிவிடலாம் என்று தோன்றும். டேனரி முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார், அவர் சொல்வதும் நியாயம்தான். டிரம்மில் எந்தக் கெமிக்கல் எவ்வளவு என்பது அவருடைய தொழில் ரகசியம். அதோடு, நாளைக்கு அவர் ஷேவிங்கை (தோலைச் சீவிச் சமமாக்குவதை) மட்டும் வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்தால் உங்கள் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொருவர் மென்பொருளும் ஒரு தனி சர்வீஸ், வெளியே தெரிய வேண்டியவை சில செய்திகள்தான்: ஆர்டர் ஏற்றேன், தோல் வந்து சேர்ந்தது, இத்தனை சதுர அடி இந்தத் தரத்தில் தயார், அனுப்பிவிட்டேன். உள்ளே அவரவர் ஆர்க்கெஸ்ட்ரேஷன் (ஒருவரே எல்லாப் படிகளையும் நடத்துவது), வெளியே கோரியோகிராஃபி (நடத்துபவர் இல்லாமல் செய்தி பரிமாறியே ஒத்துப்போவது). வேலை ஓட்டத்தை வரையும் குறியீட்டு முறையான பிபிஎம்என் வரைபடத்திலும் இதே விதிதான், ஒரு பூலுக்கும் (ஒரு நிறுவனத்துக்கான கட்டம்) இன்னொரு பூலுக்கும் நடுவே செய்தி போகலாம், வேலை வரிசையின் அம்பு தாண்டக் கூடாது.

அடுத்தது, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம்: இங்கே ரோல்பேக் (செய்ததை அழித்துப் பழைய நிலைக்குத் திரும்புவது) என்று ஒன்று கிடையாது. பதனிடும்போது குரோம் உப்பு ஏறிய தோல் மறுபடி பச்சைத் தோல் ஆகாது. ஒரு லாட் (ஒரு தொகுதித் தோல்) முடிய வாரக்கணக்கில் ஆகும்போது டேட்டாபேஸைப் பூட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கவும் முடியாது. 1987-ல் ஹெக்டர் கார்சியா-மொலினா, கென்னத் சேலம் என்ற இரண்டு கணினி ஆய்வாளர்கள் எழுதிய சாகா முறை இதற்குப் பொருந்தும்: ஒவ்வொரு படிக்கும் அதை ஈடுகட்டும் இன்னொரு படி. 5,000 சதுர அடி கேட்டு 4,600 மட்டும் நல்ல தரத்தில் வந்தது என்று வையுங்கள். அதை எர்ரர் ஆக்காதீர்கள், ‘பகுதி ஏற்பு’ என்று ஒரு சாதாரணச் செய்தியாகவே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். மீதிக்கு வேறு டேனரியா, விலை குறைப்பா என்பதை ஷூ கம்பெனி தன் பக்கத்தில் முடிவு செய்துகொள்ளட்டும்.

லாட்டை அடையாளம் காணப் புது எண் தேட வேண்டாம். ஜாப் ஒர்க்குக்குப் போகிற சரக்கோடு ஜிஎஸ்டி சலான் எப்படியும் போகிறது, அந்த எண்ணோடு லாட் எண்ணைச் சேர்த்தால் போதும். அப்புறம், நெட் விட்டுவிட்டு வரும்போது ஒரே செய்தி இரண்டு முறை வரத்தான் செய்யும், இந்த எண்ணும் செய்தியின் வகையும் ஒன்றாக இருந்தால் இரண்டாவதைத் தள்ளிவிடலாம்.

கூட்டாளியை மென்பொருளே தேடிப் பிடிக்கும் என்கிற யுடிடிஐ (சர்வீஸ்களைப் பதிந்து தேடும் பதிவேட்டு முறை) கனவை விட்டுவிடுங்கள். ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், எஸ்ஏபி மூன்றுமே தங்கள் பொதுப் பதிவேட்டை 2006-ல் மூடிவிட்டன. தோலை யாரிடம் கொடுப்பது என்பதை முதலாளி பழைய கணக்கையும் பழக்கத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்வார். அவர் ஆளை மாற்றினால் செட்டிங்கில் ஒரு முகவரி மட்டும் மாறினால் போதும், அந்த அளவுக்குச் செய்யுங்கள்.

சின்ன டேனரிகளில் ஈஆர்பி (கணக்கு, சரக்கு எல்லாம் பார்க்கும் நிறுவன மென்பொருள்) இருக்காது. அவர்களுக்கு மொபைலில் ஒரு பக்கம் கொடுங்கள், சூபர்வைசர் சதுர அடியைத் தட்டினால் அதே செய்தி அதே வடிவத்தில் போக வேண்டும். மறுமுனையில் இருப்பது ஈஆர்பியா மொபைலா என்று ஷூ கம்பெனிக்குத் தெரிய வேண்டியதே இல்லை.